செவப்பு மூடியும் தேஞ்ச பேடும்

ஏங்கண்ணு, கிளாரன்ஸ் ஸ்கூல் விடற நேரத்துல பெங்களூரு பாட்டரி ரோட்டுல கீச்சுன்னு கத்துதே ஒரு காரு, அது உன்னுதுதானே? புள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டு ஓடுதுங்க. நீ என்னமோ ஊரே உன் வண்டியைப் பாக்குதுன்னு கண்ணாடியை எறக்கி வெச்சுக்கிட்டுப் போறே.

கத்துறது கோளாறு இல்லை சாமி. கத்தணும்னேதான் செஞ்சு வெச்சிருக்கான். நெறைய பிரேக் பேடுல ஓரமா ஒரு சின்னத் தகடு இருக்கும். பேடு தேஞ்சு மெலிஞ்சா அந்தத் தகடு டிஸ்கை உரசிக் கூப்பாடு போடும். என்னை மாத்துடான்னு கெஞ்சுது. அதைக் கேட்டு நீ என்ன பண்ணுனே? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சே.

இப்ப ஞானம் வந்து, நானே வீட்டுல மாத்தறேங்கறே. நல்லது, மாத்து. பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. ஆனா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே வாசல்ல எத்தனை பார்சல்! கறுப்புக் கையுறை ஒரு டப்பா. நெத்தியில கட்டற லைட்டு. பட்டப்பகல்ல எதுக்கப்பா லைட்டு? படம் புடிக்க ஒரு ஸ்டாண்டு. அப்புறம் பேடைப் புடிச்சிருக்கற காலிபருக்குச் செவப்பு மூடி, அதுவும் பிளாஸ்டிக்குல. ரேஸ் காருன்னு நாலு பேரு நெனைக்கணுமாம். சூடாகுற எடத்துல பிளாஸ்டிக்கை ஒட்டறவனை என்னன்னு சொல்றது? பல்லெல்லாம் போன பொறவு உதட்டுக்குச் சாயம் பூசுன கதைதான்.

சரி, இத்தனை வாங்குனியே, காரைத் தாங்கறதுக்கு ஸ்டாண்டு வாங்குனியா? போனைத் தாங்க ஸ்டாண்டு இருக்கு. ஒன்றரை டன்னு வண்டியைத் தாங்க இல்லை!

சாமான் இல்லாமயே சமாளிச்ச கதை ஒண்ணு கேளு. 1888ல ஜெர்மனியில பெர்த்தா பென்ஸுன்னு ஒரு அம்மா இருந்தா. புருஷன் செஞ்ச மூணு சக்கர மோட்டார் வண்டியில பெத்த பசங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு, மான்ஹைம்ல இருந்து பொறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கெளம்பிட்டா. நூறு கிலோமீட்டருக்கு மேல. புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. வழியில பிரேக்குக் கட்டை தேஞ்சு போச்சு. ஒக்காந்து அழுதாளா? செருப்புத் தைக்கறவரைப் புடிச்சு, கட்டை மேல தோலை வெச்சு அடிக்கச் சொன்னா. பிரேக்குக்கு லைனிங் வந்த கதை அதுதாங்கறாங்க. அந்தம்மா நெத்தியில லைட்டு கட்டிக்கலை.

கேட்டுக்க. சமதரையில நிறுத்தி, கியர்ல போட்டு, கைப்பிரேக்கை இழு. பின்சக்கரத்துக்குக் கல்லு வை. வீல் நட்டை எப்பத் தளத்துவே? ஜாக்கி ஏத்துன பொறவா? அப்பச் சக்கரமும் சுத்தும், உன் தலையும் சுத்தும். டயரு தரையில இருக்கறப்பவே லேசாத் தளத்திக்க. பொறவு ஏத்தி, ஸ்டாண்டைக் குடுத்து, அது மேல எறக்கு. ஜாக்கி தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு இல்லை. கழட்டுன சக்கரத்தையும் வண்டிக்கு அடியில தள்ளி வை. இந்தப் பெங்களூருல எல்லாத்துக்கும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', அதான் கொஞ்சம் அனுசரிச்சுக்கங்கங்கறது, செல்லும். காருக்கு அடியில கைய விட்டுக்கிட்டு இருக்கறப்பச் செல்லாது.

காலிபர் போல்ட்டைக் கழட்டுனா பேடு கைக்கு வரும். காலிபரைக் கம்பி போட்டுக் கட்டி வை. பிரேக் ஓஸுல தொங்க விடாதே, ஓஸு கெட்டுப் போவும். பழைய பேடைப் பாரு. புதுசுல பத்து மில்லிமீட்டர் சுமாருக்குச் சரக்கு இருக்கும். மூணு மில்லிமீட்டருக்கு வந்தா மாத்தணும். உன்னுதுல இரும்பே தெரியுதே கண்ணு! அப்ப டிஸ்கையும் நகத்தால தடவிப் பாரு. பள்ளம் பள்ளமாத் தட்டுப்பட்டா அதுக்கும் செலவு இருக்கு. தூசியை வாயால ஊதிப்புடாதே. ஈரத்துணியில தொடை.

புதுப் பேடு கனம். பழைய சந்துல நுழையாது. சுத்தியலைத் தேடாதே, பிஸ்டனை சி கிளாம்ப் வெச்சு மெதுவா உள்ள தள்ளு. தள்ளத் தள்ள மேல டப்பாவுல பிரேக் ஆயில் ஏறும். ஒரு கண்ணு அங்க இருக்கட்டும். வழிஞ்சா பெயிண்டைத் தின்னுரும். பேடு மூஞ்சியில கிரீஸ் படக்கூடாது. ஒரு பக்கம் மாத்திட்டு மறு பக்கத்துக்கு நாளைக்குங்காதே. ரெண்டும் ஒண்ணா மாத்தலைன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

இப்பச் சொல்றதுதான் முக்கியம். சக்கரத்தை மாட்டி, வண்டியை எறக்கி, நட்டை முடுக்கிட்டு, நகத்தறதுக்கு முன்னால பெடலை மிதி. மொத மிதி சும்மா அடிமட்டத்துக்குப் போவும். உள்ள தள்ளி வெச்ச பிஸ்டன் வெளிய வந்து பேடைத் தொடணுமில்ல? நாலஞ்சு மிதியில கெட்டியாவும். அதைச் செய்யாம ரிவர்ஸ் எடுத்தியோ, எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவருதான் உனக்குப் பிரேக்கு. எத்தனை மிதிச்சும் கெட்டியாகலையா? ஆயில் கசியுதா? கெட்டிக்காரத்தனத்தை மூட்டை கட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்புடு. அவன் கேக்கற கூலியில பேரம் பேசாதே. கடையில ரெண்டு கோப்பை காப்பிக்குக் கேட்டதைக் குடுக்கறியே, அங்க பேரம் பேசறியா?

சாமானுக்கு எங்கயும் அலைய வேண்டாம். ஜே.சி. ரோடு எதுக்கு இருக்கு? சென்னை பாடியில பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962லயே ஆரம்பிச்சாச்சு. நம்மூரு ஆளுங்க பிரேக்குச் சாமான் செஞ்சு மூணு தலைமுறை ஆகப் போவுது. நீ இத்தாலிக் கம்பெனி பேரு எழுதுன செவப்பு மூடியைத் தேடறே. மாடலும் வருஷமும் சொல்லி, பில்லு போட்டு வாங்கு. பேரில்லாத டப்பா மலிவுன்னு தூக்கிட்டு வராதே.

எல்லாஞ் செஞ்சாலும் சீக்கிரமே மறுபடி கத்தும். ஏன்னு சொல்லட்டுமா? 2023ல இந்த ஊருக்குள்ள பத்து கிலோமீட்டர் போக 28 நிமிஷம் ஆகுதுன்னு டாம்டாம் கம்பெனி கணக்குப் போட்டுச் சொல்லுச்சு. அத்தனை நெரிசல்ல நீ என்ன பண்றே? எதிர்ல செவப்பு லைட்டு தெரிஞ்சும் ஆக்ஸிலேட்டரை அமுக்கறே. கிட்டப் போயி நச்சுன்னு மிதிக்கறே. பெட்ரோலுக்குக் காசு குடுத்து வேகத்தை வாங்கி, அதை டிஸ்குல தேச்சுச் சூடாக்கிக் காத்துல விடறே. பேடைத் தின்னது ரோடா, நீயா?

லைட்டு தூரத்துல தெரியறப்பவே காலை எடு. வண்டி தானா அடங்கும். இதுக்குக் கையுறை வேண்டாம், வீடியோ வேண்டாம், காலணா செலவில்லை. செலவில்லாத வித்தைங்கறதாலதான் உனக்கு ஏற மாட்டேங்குதோ என்னமோ.