கூட்டுக் கடையில் போட்ட பணம்

கேள்வி: நண்பரோடு கூட்டாக பேக்கரி தொடங்க 8 லட்சம் போட்டேன். இப்போது சண்டை. பணத்தை எப்படி வாங்குவது?

பதில்: பத்திரம் எழுதினீர்களா? நிறுவனத்தைப் பதிவு செய்தீர்களா? பதிவில்லாத கூட்டு நிறுவனத்தில், ஒப்பந்தத்தைக் காட்டிப் பங்குதாரர் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது 1932-ம் வருடச் சட்டம். நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கச் சொல்லி மட்டும் போகலாம். காலவரையறை பேசாத கூட்டு என்றால், கலைக்க எழுத்தில் ஒரு நோட்டீஸ் போதும். கலைந்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு. பஞ்சாயத்துப் பேசுங்கள், தப்பில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள்.

கேள்வி: எட்டும் முழுசாக வருமா?

பதில்: உங்களுக்கு முன்னால் மைதா கொடுத்தவர் நிற்கிறாரே! வெளிக்கடன் முதலில் தீர வேண்டும். அடுத்து, முதலுக்கு மேல் பங்குதாரர் கொடுத்த கைமாற்று. அதற்குப் பிறகுதான் முதல். உங்கள் 8 லட்சத்தில் எது முதல், எது கைமாற்று? பாஸ்புக்கை எடுத்து இன்றைக்கே பிரித்து எழுதுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கைமாற்றுக்கு வருடம் 6 சதவீதம் வட்டியும் கேட்கலாம்.

கேள்வி: கடையை அவரே நடத்தட்டும். நான் பேசாமல் விலகிவிடட்டுமா?

பதில்: விலகுங்கள், பேசாமல் விலகாதீர்கள். பொது அறிவிப்பு தராவிட்டால், நீங்கள் இன்னும் பங்குதாரர் என்று நம்பிக் கடன் கொடுப்பவர் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். கணக்குத் தீர்க்காமல் உங்கள் பணத்திலேயே அவர் கடையை ஓட்டினால்? அந்தப் பணம் ஈட்டிய லாபத்தில் பங்கா, 6 சதவீத வட்டியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது.