வேளாண் துறை முதுகலை மாணவர் மன்றத்தை நடத்துவதில் காரா பன்னின் பங்கு: ஒரு முதற்கட்ட ஆய்வு

சுருக்கம்

முதுகலை மாணவர் மன்றம் தன் விதிமுறைகளின்படி நடக்கிறது என்பதே இதுவரை நிலவிவரும் கோட்பாடு. விதிமுறை நகலை எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆகவே கோட்பாட்டை மறுக்கவும் வழியில்லாமல் போயிற்று. மன்றம் நாலு மணி டீயாலும் அதனுடன் வரும் தின்பண்டத்தாலும் மட்டுமே நடக்கிறது என்று இவ்வாய்வு நிறுவுகிறது. ஆய்வாளரே மன்றத்தின் பொருளாளர் என்பதால் நடுநிலை குறித்த ஐயத்துக்கு இடமில்லை.

1. இலக்கிய மீளாய்வு

வேளாண் மாணவர்கள் சங்கம் கூடுவது நேற்று முளைத்த வழக்கமன்று. சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்குப் பெயர்ந்த வேளாண் கல்லூரியில் 1911-லேயே மெட்ராஸ் வேளாண் மாணவர் சங்கம் தோன்றிவிட்டது. அது தொடங்கிய இதழான மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல் நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. மாணவர் சங்கம் ஒன்று இத்தனை காலம் உயிரோடிருப்பதற்குத் தீனி ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று தேடப் போனால், அகப்படுவதெல்லாம் நெல்லும் பருத்தியும் கரும்பும்தான்.

பெங்களூரில், மகாராணி கெம்பநஞ்சம்மணி 1899-ல் ஹெப்பாளில் கொடுத்த 30 ஏக்கர் நிலத்தில் வேளாண் ஆராய்ச்சி தொடங்கி, 1964-ல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அந்த 30 ஏக்கரில் டீக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று முன்னோர் எவரும் எழுதவில்லை. ஆய்வு இடைவெளி என்று சொல்வது இதைத்தான்.

இடைவெளியை ஓரளவு நிரப்புவது இங்கிலாந்து. 1843-ல் தொடங்கிய ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1906-ல் வினிஃப்ரெட் பிரென்ச்லி என்ற பெண் அறிவியலாளர் சேர்ந்தார். ஆண்களே இருந்த இடத்தில் ஒரு பெண்ணை எப்படி நடத்துவதென்று திகைத்த பெரியவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று நாலு மணிக்கு டீ கொடுக்க ஏற்பாடு செய்தார்களாம். அந்த டீ வேளையில்தான் பின்னாளில் பாசியியல் அறிஞர் முரியல் பிரிஸ்டல், பாலை முதலில் ஊற்றினார்களா டீயை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். 1919-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த ரொனால்டு ஃபிஷர் அதை வைத்துச் சோதனையே வகுத்தார். 8 கோப்பை, 4 இப்படி, 4 அப்படி. குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்பு. 1935-ல் வந்த அவருடைய நூலில் சோதனை விரிவாக இருக்கிறது. முடிவு மட்டும் இல்லை. முடிவில்லாத அத்தியாயத்தில் எங்கள் வழிகாட்டிகள் எவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஃபிஷருக்கு வழிகாட்டி அமையாதது உலகின் நல்லூழ்.

2. ஆய்வுக்களம்

ஆய்வு நெறி கருதித் துறையின் பெயர் மறைக்கப்படுகிறது. ஆய்வாளர் வசிப்பது பெங்களூர் நீலசந்திராவில், சித்தி வீட்டில். துறை இருப்பது நகரின் மறுகோடியில். விடுதியில் தங்காத ஒரே உறுப்பினர் என்பதால் "நீங்கதான் டவுன்ல இருந்து வர்றீங்களே" என்ற ஒற்றை வாக்கியத்தில் அவர் பொருளாளரானார். பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு, காரா பன் அனைத்தும் அன்றுமுதல் அவர் மடியிலேறி, இரண்டு பஸ் மாறி வருகின்றன.

3. பொறுப்பாளர் வகைப்பாடு

தலைவர்: புகைப்படத்தின் நடுவில் நிற்பவர்.

துணைத்தலைவர்: மேல் ஆய்வுக்குரியது.

செயலாளர்: கூட்டம் உண்டென்று அறிவிப்பவர். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்று அறிவிப்பவரும் இவரே. இரண்டாவது அறிவிப்பே முதலில் வந்து சேரும் (அறிவிப்புப் பலகை, கண்ணாடிக்குப் பின், சாவி தொலைந்த நிலையில்).

ஆலோசகர்: துறைப் பேராசிரியர் ஒருவர். எதற்கும் "பார்க்கலாம்" என்பார்.

4. பொருளும் முறையும்

மன்றத்தின் மைய நிகழ்வு செமினார். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் கிரெடிட்டுக்காகப் பேசியே ஆக வேண்டும். மற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லாததால் தின்பண்டம் தேவையாயிற்று.

தற்போக்குத் தொகுதி வடிவமைப்பு பின்பற்றப்பட்டது. நான்கு சிகிச்சைகள்: போண்டா, அய்யங்கார் பேக்கரிக் காரா பன், கட்டுப்பாடாக மேரி பிஸ்கட், நான்காவதாக, ஒன்றுமே இல்லை. நான்காவதைச் செயல்படுத்தினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று செயலாளர் எச்சரித்ததால் அது கைவிடப்பட்டது.

வயலில் ஒரு பக்கம் வளமாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால் அந்தச் சரிவுக்குக் குறுக்காகத் தொகுதி பிரிக்க வேண்டும் என்று முதலாண்டிலேயே சொல்லித் தருகிறார்கள். செமினார் அறையிலும் சரிவு உண்டு. முன்வரிசையில் பேராசிரியர்கள், கவனம் குறைவு, தட்டு முதலில். நடுவரிசையில் அடுத்த வாரம் பேசப்போகிறவர்கள்; பயத்தால் பசியில்லை. கதவோரத்தில் இருப்பவர்களை எல்லை வரிசை என்று கணக்கிலிருந்து நீக்கினோம். நீக்கியபின் எண்ணிப் பார்த்தால் பன்னும் நீங்கியிருந்தது (பேக்கரிக் கணக்கு நோட்டு, எண்ணெய் படிந்த பக்கம், ஒப்புநோக்குக: கடைசி பெஞ்சுக்கு அடியில் கிடந்த தாள், சுருட்டிய நிலையில்).

5. முடிவுகளும் விவாதமும்

பிஸ்கட் நாளில் கேள்வி நேரம் நீண்டது. வேறு வேலையில்லாததே காரணம். போண்டா நாளில் கேள்வியே எழவில்லை. எண்ணெய் வாசனை வந்ததும் "நல்ல பிரசன்டேஷன்" என்று முடித்துவிட்டார்கள். காரா பன் நாளில் ஒரு கேள்வி வந்தது, அது பன்னைப் பற்றியது. இம்முடிவு டீ ஊற்றும் அண்ணனின் முடிவுகளுடன் ஒத்துப்போகிறது (வாய்மொழி, ஃபிளாஸ்கைச் சாய்த்தபடி).

காரா பன்னின் சிறப்பு ஒருசீர்மை. சான்று விதைபோல ஒன்றுக்கொன்று அச்சு. போண்டாவோ நாட்டு ரகம். ஒரே வாணலியில் பிறந்தாலும் ஒன்று கோலி, ஒன்று கோளம். பங்கிடுகையில் சண்டை வருவது இதனால்தான்.

இந்நிலையில், ஆய்வேட்டை முடிக்கப் பல ஆண்டுகளாக முயன்றுவரும் ஒரு மூத்தவர் போண்டாவைக் காரா பன்னுக்குள் வைத்து அழுத்தினார். அறை அமைதியானது. 'ராகி' லட்சுமணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் இணைத்து இண்டாஃப் ரகங்களைத் தந்த மாநிலம் இது. கலப்பின வீரியம் கண்ணெதிரே நிகழும்போது அடையாளம் தெரியாமல் போகுமா? பெற்றோர் இருவரையும்விட வாரிசு ருசியாக இருந்தது. உடனே ரகத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றார் பயிர் இனப்பெருக்கக்காரர் ஒருவர்.

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 கேட்பவை புதுமை, தனித்தன்மை, ஒருசீர்மை, நிலைத்தன்மை. மன்றம் அவசரக் கூட்டம் கூட்டியது. மன்ற வரலாற்றில் கோரம் சேர்ந்த ஒரே கூட்டம் அது. புதுமையில் முதல் இடி விழுந்தது. மகாராஷ்டிரத்திலிருந்து வந்திருந்த மாணவர் எழுந்து, இதற்கு எங்கள் ஊரில் வடா பாவ் என்று பெயர் என்றார். உள்ளே இருப்பது உருளைக்கிழங்கா உளுந்தா என்று குறுக்கு விசாரணை நடந்தது. உருளைக்கிழங்குதான். தனித்தன்மைக்கு, வெளியே இருப்பது காரா பன், அதில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் உண்டு, பாவில் இல்லை என்று வாதிட்டோம். ஒருசீர்மை தந்தை வழியில் கெட்டது. நிலைத்தன்மைக்குச் சட்னிச் சோதனை செய்தோம். தொட்ட மாத்திரத்தில் ரகம் பிரிந்து இரு பெற்றோராகவும் மாறிற்று. பிரிவினை விகிதத்தை மெண்டலுடன் ஒப்பிடலாம் என்ற யோசனை, பொருள் தீர்ந்துவிட்டதால் கைவிடப்பட்டது (கூட்டக் குறிப்பேடு, நீல மை, திருத்தம், சிவப்பு மை, திருத்தத்தின் மேல் ஆட்சேபம், தக்காளிச் சட்னி, ஆட்சேபத்துக்கு ஆலோசகரின் விளக்கவுரை, "பார்க்கலாம்", தேதியின்றி).

6. ஆசிரியர் வரிசை

முதலில் துறைத்தலைவர், கட்டுரையைப் படிக்கவிருப்பதால். அடுத்து வழிகாட்டி, படித்துவிட்டதாகச் சொன்னதால். பிறகு வழிகாட்டியின் நண்பர், அவர் கட்டுரையில் வழிகாட்டியின் பெயர் இருப்பதால். போண்டாவைப் பன்னுக்குள் வைத்த மூத்தவருக்கு நன்றியுரையில் இடமுண்டு. மாவைப் பிசைந்தவர் ஆய்வுப் பொருளாகக் கருதப்படுகிறார்.

7. நிதி

ஆய்வுச் செலவு முழுவதும் ஆய்வாளரின் சொந்தப் பணம். அதைத் திருப்பித் தருமாறு அவர் மன்றத்துக்கு விண்ணப்பித்தார். ரசீது இல்லாமல் தர இயலாது என்று பொருளாளர் பதில் எழுதினார். பேக்கரியில் ரசீது தரும் வழக்கமில்லை என்று ஆய்வாளர் மறுமொழி எழுதினார். விதிமுறையில் அதற்கு இடமில்லை என்றார் பொருளாளர். அப்படியானால் விதிமுறை நகலைக் காட்டுங்கள் என்றார் ஆய்வாளர். இருவரும் நீலசந்திராவில் ஒரே வீட்டில் வசித்தும் கடிதப் போக்குவரத்து தொடர்கிறது.