ஐம்பது ரூபாய்க்கு மேல் பருப்பு வாங்கலாமா?

அனுப்புநர்: திருப்பூரில் ஐ.பி. (நொடிப்பு மனு) போட்ட பவர் டேபிள்காரர் ஒருவரின் நலம் விரும்பிகள்.

பெறுநர்: ஒன்றிய அரசின் கம்பெனி விவகாரத் துறை, புது தில்லி.

பொருள்: நொடிப்புத் தீர்ப்புக்குப் பின் வரும் முதல் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கையாள வழிகாட்டுதல் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. மாகாண நொடிப்புச் சட்டம், 1920. 2. திவால் சட்டம், 2016 (இன்னும் கண் விழிக்காத பகுதி).

பெருமதிப்பிற்குரியீர்,

மேற்படி பவர் டேபிள்காரருக்குத் தனியாகப் பெயரோ ஊர்த் தெருவோ தேவையில்லை. பனியன் கம்பெனிகளைச் சுற்றி எந்தச் சந்தில் நுழைந்தாலும் அவர் சாயலில் ஒருவர் கிடைப்பார். ஜாப் ஒர்க் எடுத்தார், பில் பணம் நின்றது, கடன் நிற்கவில்லை. கடைசியில் ஐ.பி. என்னும் மஞ்சக் கடுதாசி கொடுத்தார். சார்பு நீதிமன்றமும் அவரை நொடித்தவர் என்று அறிவித்துவிட்டது. இப்போது இன்னொருவர் கம்பெனியில் டெய்லர். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம்.

அந்தச் சம்பளத்தில் எவ்வளவு அவருடையது? அதைக் கண்டுபிடிக்கத்தான் சிரமம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, தொழிலாளியின் கூலியை யாரும் ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. அதே பிரிவில், மாதச் சம்பளமாக இருந்தால் முதல் 1,000 ரூபாய்க்கும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும்தான் பாதுகாப்பு. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும்வரை அவர் முழு மனிதர். நாளைக்கே முதலாளி மனமிரங்கி 25,000 ரூபாய்க்குச் சூப்பர்வைசர் ஆக்கினால், 17,000 மட்டும் அவருக்கு; 8,000 ரூபாய் கடன்காரர்கள் கை நீட்டும் தூரத்துக்குப் போய்விடும். பதவி உயர்வு வேண்டாம் என்று முதலாளி காலில் விழும் தொழிலாளியைச் சட்டம் உருவாக்கியிருக்கிறது. வாழ்த்துகள்.

மனிதாபிமானமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, பாய் படுக்கை, கைவினைஞரின் கருவி, மதவழக்கப்படி மனைவி கழற்றக் கூடாத நகை எல்லாவற்றையும் அதே 60ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. தாலி தப்பியது. ஆனால் நகைக் கடனுக்கு வைத்த வளையல் தப்பாது. ஈடு பிடித்தவரை நொடிப்புச் சட்டம் தொடுவதில்லை. ஜாமீன் போட்ட மச்சானுக்கும் விடுதலை கிடையாது. மகளிர் குழுக் கடன் மனைவி பேரில் இருப்பதால் வாராவாரம் தவணை கட்டியே ஆக வேண்டும். ஆக, நொடித்தது ஒருவர்தான். வாரக் கடைசியில் கணக்குப் பார்க்க உட்காருவது மூன்று பேர்.

இனி, தலையாய சிக்கலுக்கு வருவோம். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72ஆம் பிரிவைத் தாங்கள் படித்திருக்கக்கூடும். விடுவிக்கப்படாத நொடிப்பாளர், தன் நிலையைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. 1920இல் ஐம்பது ரூபாய் என்றால் சின்னத் தொகையில்லை. இன்றைக்கு அது கால் கிலோ பருப்பும் ஒரு சோப்பும்.

ஆகவே நம்மவர் புதன்கிழமை மளிகைக்கடைக்குப் போனால் இப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது: “அண்ணா, நானுங்க மஞ்சக் கடுதாசி குடுத்தவனுங்க. கோர்ட்டுல இன்னும் விடுவிக்கலீங்க. அறுவது ரூவாய்க்குப் பருப்பும் எண்ணெயும் கடனா வேணுமுங்க.” அண்ணாச்சி பற்று நோட்டை மூடி வைத்துவிடுவார். சொல்லாமல் வாங்கினால் ஜெயில், சொன்னால் பட்டினி. 49 ரூபாய்க்கு வாங்கலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அந்த யோசனைக்குக் கட்டணம் கேட்காததால் அவர் வக்கீலாக இருக்க முடியாது.

வங்கிக் கணக்கும் தன் பங்குக்கு விளையாடுகிறது. செயலிக் கடனுக்கு எப்போதோ கொடுத்த ஆட்டோ டெபிட் ஒப்புதலை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்கும்வரை, கணக்கில் விழும் கூலியை அது முதலில் கவ்வும். காசில்லாமல் திரும்பினாலோ, காசில்லாத குற்றத்துக்குத் தனிக் கட்டணம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொன்னது. அவர்களும் ஒழுங்காக, அவர் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க அழைக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மாற்று தங்கள் கையில் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பாகம் தனிமனிதத் திவாலுக்காகவே எழுதப்பட்டது. திவால் தொடங்கி ஓராண்டு முடிந்ததும் விடுவிப்புக்கு மனுப்போடுவது திவால் அறங்காவலரின் வேலை என்கிறது அது. பழைய சட்டத்தில் அந்த வேலை நொடித்தவருடையது. கெடுவுக்குள் மனுப்போட மறந்தால் தீர்ப்பே ரத்தாகி, கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். ஆனால் மூன்றாம் பாகத்தை 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டீர்கள். கம்பெனி விவகாரத் துறை என்பதால் கம்பெனி முதலாளிகள் முதலில் கண்ணில் பட்டிருக்கலாம்.

திறந்தாலும் முழு நிம்மதி இல்லை. ஏழைகளின் கடனைத் துடைத்து ‘புதிய தொடக்கம்’ தர அதில் வழி உண்டு. அதற்கு ஆண்டு வருமானம் 60,000 ரூபாயையும் கடன் 35,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. மாதம் ஐயாயிரத்தில் திருப்பூரில் வாடகை கொடுத்துச் சாப்பிடுகிறவரைத் தாங்களே கண்டுபிடித்து அனுப்பினால், ஊர் கூடி மாலை போடக் காத்திருக்கிறது.

கோரிக்கை இரண்டு. மூன்றாம் பாகத்தை எழுப்புங்கள். அதுவரைக்கும், 72ஆம் பிரிவின் ஐம்பதுக்குப் பக்கத்தில் இரண்டு பூஜ்யமாவது போடுங்கள்.

இணைப்பு: மளிகைக்கடைப் பற்று நோட்டின் நகல், ஒரு பக்கம் (கடைசிப் பற்று 49 ரூபாய்).

குறிப்பு: இந்த உறையில் ஒட்டியுள்ள தபால்தலைக்கு ஐந்து ரூபாய் கடனாக வாங்கப்பட்டது. சட்ட வரம்புக்கு உட்பட்டதால் கொடுத்தவரிடம் எதுவும் சொல்லவில்லை.