விருந்தாளி வரி: ஆம்ஸ்டர்டாம் நகராட்சிக்கு ஒரு மனு

அனுப்புநர்:
பழவேற்காட்டுக் கரைவாசி (முன்னாள் விருந்தோம்பி),
பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம், தமிழ்நாடு.

பெறுநர்:
மேயர் அவர்கள் மற்றும் நகர்மன்ற உறுப்பினர்கள்,
ஆம்ஸ்டர்டாம் நகராட்சி, நெதர்லாந்து.

பொருள்: திறந்த படகில் கால்வாய் சுற்றிப் பார்த்தது – விருந்தாளி வரி – பழைய கணக்கை நேர்செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் சுற்றுலா வரி, அறை வாடகையில் 12.5 விழுக்காடு, 2024 முதல். 2. தங்கள் முன்னோர் எங்கள் ஊரில் கட்டிய கெல்டிரியா கோட்டை, 1613 முதல்.

அம்மையீர், ஐயன்மீர்,

தங்கள் நகரத்தை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்துவிட்டு வந்து இந்த மனுவை எழுதுகிறேன். கண்ணாடிக் கூரை போட்ட நீளப் படகை விட்டுவிட்டு, கூரையே இல்லாத சிறு படகில் ஏறினேன். தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து, பாலம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். பணிவைக் கற்றுத்தரும் ஊர்தி. கனவான்கள் பெயரில் ஹேரன்க்ராக்ட், பேரரசர் பெயரில் கைசர்ஸ்க்ராக்ட், இளவரசர் பெயரில் பிரின்சன்க்ராக்ட் என்று மூன்று கால்வாய்கள் வெட்டி வைத்திருக்கிறீர்கள். மூன்றிலும் சாமானியன் குனிந்துதான் போகிறான்.

நிர்வாகத்தைப் பாராட்டாமல் குறை சொல்லத் தொடங்குவது மனு மரபாகாது. ஆகவே பாராட்டுகிறேன். உள்கால்வாய்களில் படகு மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது தங்கள் விதி. எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு போகிற வேகம் அது. எந்த வீட்டுச் சன்னலில் யார் நிற்கிறார் என்று விசாரித்துக்கொண்டே போகலாம். ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடத் தடை. 2025 முதல் நகர மையத்தில் பயணிப் படகு புகை விடவும் தடை. டீசல் இரைச்சல் போய்விட்டதால் படகோட்டி பேசுவது ஒரு சொல் சிந்தாமல் காதில் விழுகிறது. இரவில் மதகுகளை மூடி, நல்ல தண்ணீரை உள்ளே விட்டுக் கால்வாய்களைக் கழுவுகிறீர்கள். ஆண்டுக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள்கள் வரை தூர்வாரி எடுக்கிறீர்கள். கால்வாயின் ஆழம் ஒரு மீட்டர் தண்ணீர், ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள் என்று தங்கள் ஊர்க்காரர்களே கணக்குச் சொல்கிறார்கள். பக்கிங்காம் கால்வாய் எங்கள் பழவேற்காடு ஏரி வழியாகத்தான் போகிறது. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கால்வாயைக் கழுவுகிற அரசாங்கம் ஒன்று பூமியில் உண்டு என்பதே புதிய செய்தி.

இனி குறைக்கு வருகிறேன். அது படகோட்டி சொன்ன கதையைப் பற்றியது. படகின் பெயரை எழுதவில்லை. நல்ல பிள்ளை, பிழைத்துப் போகட்டும்.

கரையோர வீடுகள் ஏன் இத்தனை ஒடுக்கம் என்று அவர் விளக்கினார்: முகப்பின் அகலத்துக்கு வரி போட்டார்களாம். வீடுகள் தெருப்பக்கம் ஏன் சாய்ந்திருக்கின்றன என்றும் விளக்கினார்: உச்சியில் உத்திரம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு கொக்கி. மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாக இருப்பதால் பொதிகளைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாகத்தான் பரணுக்கு ஏற்றினார்கள். பொதி சுவரில் இடிக்காமல் இருக்கவே முகப்பைச் சாய்த்துக் கட்டினார்கள். டாம் சதுக்க அரண்மனை 13,659 மரத்தூண்கள் மேல் நிற்கிறது, வருடத்தின் 365 நாளுக்கு முன்னே 1, பின்னே 9 போட்டால் மறக்காது என்று மனப்பாட உபாயமும் சொல்லிக் கொடுத்தார். அருமையான பிள்ளை. பொதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். "கிழக்கிலிருந்து," என்றார்.

கிழக்கு என்பது சூரியன் உதிக்கும் திசை. அது ஒரு முகவரி ஆகாது. தரைக்கு அடியில் புதைந்த மரத்தூணை ஒன்று விடாமல் எண்ணி வைத்திருக்கிற ஊர், பரணுக்கு ஏறிய பொதியை மட்டும் திசை சொல்லி முடித்துக்கொள்கிறது. விடுபட்ட முகவரியைத் தங்கள் கோப்புக்காக இங்கே தருகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியை 1602இல் தொடங்கினீர்கள். அதன் ஆம்ஸ்டர்டாம் தலைமை அலுவலகம் க்ளோவெனியர்ஸ்பர்க்வால் கால்வாயை ஒட்டி இன்றும் நிற்கிறது. இப்போது பல்கலைக்கழகக் கட்டடம். அந்தக் கம்பெனியார் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று 1610இல் எங்கள் பழவேற்காட்டில் வந்து இறங்கினார்கள். 1612இல் போர்த்துகீசியர் அவர்களுடைய பண்டசாலையை அடித்து நொறுக்கினார்கள். 1613இல் கோட்டை எழும்பியது. அதே 1613இல்தான் மேற்படி மூன்று கால்வாய்களையும் தாங்கள் வெட்டத் தொடங்கினீர்கள். அங்கே மண்வெட்டி இறங்கிய ஆண்டில் இங்கே சுவர் ஏறியது.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த தீவுகளில், பண்டமாற்றுக்கு அங்குள்ளவர்கள் விரும்பிக் கேட்டது எங்கள் கரையின் துணி. கம்பெனியார் இங்கே நெய்ததை வாங்கி அங்கே கொடுத்து, அங்கே வாங்கிய வாசனைச் சரக்கை ஆம்ஸ்டர்டாமில் விற்றார்கள். சோழமண்டலக் கரை அந்த மொலுக்காஸ் தீவுகளின் இடக்கை போன்றது என்று, பின்னாளில் பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தலைமை ஆளுநரான ஹென்ட்ரிக் பிரவுவர் 1612இலேயே எழுதி வைத்திருக்கிறார். படகிலிருந்து பார்த்தால் கொக்கி தெரிகிறது, உத்திரம் தெரிகிறது, வீட்டுக்காரர் பெயரும் தெரிகிறது. இடக்கை மட்டும் எந்த முகப்பிலும் தட்டுப்படவில்லை.

துணியோடு நின்றிருந்தால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் பிடித்தது. பசி தாங்காமல் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கானோரைக் கம்பெனி எங்கள் துறைகளில் கப்பலேற்றி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் அனுப்பியது. அவர்களும் கூரையில்லாத படகில்தான் கரையிலிருந்து கப்பலுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கு யாரும் வழியில் கதை சொல்லவில்லை.

தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மேயரின் அரசு இல்லமான ஹேரன்க்ராக்ட் 502ஆம் எண் வீடு, அடிமை வணிகத்தில் கை நனைத்த மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் பவுலுஸ் கோடினுக்காகக் கட்டப்பட்டது. அதைச் சொல்லும் கல்லை 2006இல் பதித்தீர்கள். 2021 ஜூலை 1 அன்று மேயர் நகரத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் 17ஆம் நூற்றாண்டைப் 'பொற்காலம்' என்று அழைப்பதை 2019இல் கைவிட்டது. அடிமை வணிகத்தின் தடங்களைக் காட்டுவதற்கென்றே தனிப் படகும் விடுகிறார்கள். இவையெல்லாம் மெய்யான காரியங்கள், கேலிக்கு உரியவை அல்ல. ஆனால் மனசாட்சிக்குத் தனிப் படகு, மற்றவர்களுக்குப் பொதுப் படகு என்று இருக்கிறது ஏற்பாடு. பொதுப் படகு கல்லை வாசிக்க நிற்பதில்லை. அகலமான மாளிகைகள் வரிசையாக நிற்கும் ஹேரன்க்ராக்ட் வளைவுக்கு வந்ததும், அருங்காட்சியகம் இறக்கிவிட்ட பொற்காலம் படகில் ஏறிக்கொள்கிறது.

நிற்க. வரிக் கணக்குக்கு வருகிறேன்.

விருந்தாளி அதிகமானால் வீட்டுக்காரருக்கு என்ன பாடு என்பது எங்களுக்குத் தெரியும். தாங்கள் ஆண்டுக்கு 2 கோடி இரவுத்தங்கல் என்று 2021இல் உச்சவரம்பு வைத்தீர்கள். கூத்தடிக்க வரும் பிரிட்டிஷ் இளைஞர்களிடம் 'வராதீர்கள்' என்று 2023இல் விளம்பரம் செய்தீர்கள். ஒரு விடுதி மூடினால்தான் இன்னொரு விடுதி திறக்கலாம் என்று 2024இல் முடிவெடுத்தீர்கள். படித்தபோது எங்கள் முன்னோர்மேல் எனக்குக் கோபமே வந்தது. இந்த அறிவு அவர்களுக்கு இருந்திருந்தால், சாந்தோமில் போர்த்துகீசியர் மூடினால்தான் பழவேற்காட்டில் டச்சுக்காரர் திறக்கலாம், பழவேற்காட்டில் மூடினால்தான் சென்னையில் ஆங்கிலேயர் திறக்கலாம் என்று ஒரே தீர்மானத்தில் இந்திய வரலாற்றை முடித்திருக்கலாம்.

தங்கள் முன்னோர் 1825இல்தான் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நடுவில் ஆங்கிலேயர் பிடுங்கி வைத்திருந்த ஆண்டுகளைக் கழித்தாலும் 180 ஆண்டுக்குக் குறையாது. இரவுகளாக்கினால் 65,000க்கு மேல். இதற்குத் தங்கள் விகிதப்படியே வரி போடலாம் என்று உட்கார்ந்தேன். அறை வாடகையில் 12.5 விழுக்காடு. கோட்டையைத் தாமே கட்டிக்கொண்டு தங்கியதால் அறை வாடகை பூஜ்யம். பூஜ்யத்தில் 12.5 விழுக்காடும் பூஜ்யம். கணக்கு கணக்குதான், மீறிப் பேச எனக்கு அதிகாரமில்லை. அறையைக் காலிசெய்யும் நேரம் கடந்தும் சிலர் இன்னும் எங்கள் ஊரில் தங்கியிருக்கிறார்கள் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். அவர்களுடைய கல்லறைகள், எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கோட்டை புதர் மண்டிப் போனாலும் விருந்தாளிகளுக்குக் குறை வைக்கவில்லை. அவர்களிடம் நாங்கள் வரி கேட்டதும் இல்லை.

தங்கள் கோப்பிலேயே வரிவிலக்குக்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1275 அக்டோபர் 27 அன்று ஹாலந்துப் பிரபு ஐந்தாம் ஃப்ளோரிஸ், ஆம்ஸ்டல் அணைக்கரையில் குடியிருந்தவர்களுக்குச் சுங்க விலக்கு அளித்தார். தங்கள் ஊர் முதன்முதலாக எழுத்தில் வருவது அந்த ஆவணத்தில்தான். 2025இல் 750ஆம் பிறந்தநாள் கொண்டாடியதும் அதை வைத்துத்தான். பிறப்புச் சான்றிதழையே வரிவிலக்கு ஆணையாக வைத்திருக்கும் ஊர், வந்து போகிறவனிடம் வரியை மட்டும் மறப்பதில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றை வேண்டுகிறேன்.

1. படகு உரிமத்தில் மோட்டார், இரைச்சல் பற்றியெல்லாம் நிபந்தனை இருக்கிறது. அதோடு ஒரு வாக்கியத்தையும் சேர்க்க வேண்டும். கொக்கி வைத்த வீட்டைக் கடக்கும்போது, பொதி எந்தத் துறையில் ஏறியது, அதற்குள் இருந்ததை யார் நெய்தார்கள் என்று படகோட்டி சொல்ல வேண்டும். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம்: நான்கு பெயர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.

2. மேற்படி ஊர்க்காரர்கள் தங்கள் நகரத்தில் தங்கும்போது, ஃப்ளோரிஸ் பிரபுவின் ஆணையைப் பின்பற்றி வரிவிலக்கு அளிக்க வேண்டும்.

மனு நிராகரிக்கப்பட்டால், தங்கள் முன்னோர் காட்டிய வழியில் நடப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. முதலில் லுங்கி விற்க என்று கால்வாய்க் கரையில் சின்னதாக ஒரு பண்டசாலை போடுவோம். திருட்டுப் பயம் என்று அதைச் சுற்றிச் சுவர் எழுப்புவோம். சுவருக்குக் காவலாக நாலு பீரங்கி வைப்போம். கம்பெனி அதிகாரி வெம்மர் ஃபான் பெர்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை எங்கள் ஊர்க் கோட்டைக்கு வைத்ததுபோல, இதற்குப் பொன்னேரிக் கோட்டை என்று பெயர் வைப்போம். படகில் போனபோதே தோதான மனை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சொந்தக் கோட்டையில் தங்குகிறவர்களுக்கு அறை வாடகை கிடையாது. வரி எவ்வளவு வரும் என்பதைத் தங்கள் கணக்குப் பிரிவே சொல்லட்டும்.

இப்படிக்கு,
பழவேற்காட்டுக் கரைவாசி

நகல்: வட்டாட்சியர், பொன்னேரி – நில அளவையர் ஒருவரைச் சங்கிலியுடன் தயாராக வைக்கும் பொருட்டு.