தேக்கடிக் கட்டைகளின் யானைத்தன்மை: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து முதுகில் பை மாட்டிக்கொண்டு மலையேறி, தேக்கடியில் படகில் உட்கார்ந்து, காட்டு விலங்கு பார்த்தல். ஆய்வுக் களம்: பெரியாறு ஏரி. ஆய்வுக் கருவிகள்: கண் இரண்டு, பெரியப்பா ஒருவர், சென்னையிலிருந்து வந்த சித்தி மகன் ஒருவன். முன்னோர் ஆய்வு: எழுதியவர் யாரும் கண்ணில் படவில்லை. போய் வந்தவர்கள் பலர் உண்டு. அவர்களும் குரங்கிடம் எலுமிச்சைச் சோற்றைப் பறிகொடுத்த கட்டத்தோடு ஆய்வை நிறுத்திக்கொண்டார்கள்.

எந்தப் பொருளையும் திணையில் வைத்துப் பார்ப்பதே நம் மரபு. யானை குறிஞ்சிக்கு உரியது, புலியும் அப்படியே. படகு நெய்தலுக்கு உரியது. ஆகவே மலைமேல் படகு என்பது திணைமயக்கம். இலக்கணம் பொறுத்துக்கொள்ளும் மயக்கம்தான், ஆனால் மயக்கியது யார் என்று கேட்க வேண்டும். பள்ளத்தாக்கில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டுவார்கள்: ஜான் பென்னிகுயிக். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை 1887-ல் மறிக்கத் தொடங்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மறித்த தண்ணீர் பள்ளமெல்லாம் பரவித் தேங்கியது, அதுதான் ஏரி. நெல்லுக்கு நிறுத்திய தண்ணீரில் பின்னால் வந்தவர்கள் படகு விட்டார்கள். ஏரி பக்கவிளைவு, படகு அந்தப் பக்கவிளைவின் பக்கவிளைவு. இதை ஆய்வாளர் குறித்துக்கொள்ளவும், பின்னால் தேவைப்படும்.

இனி பொழுது. குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். யானை இந்த இலக்கணத்தை ஓரளவு மதிக்கிறது. படகு விடுபவர்கள் மதிப்பதில்லை. பகலில் மட்டுமே விடுகிறார்கள். உரிப்பொருளிலும் குழப்பம் உண்டு. முல்லைக்குரிய இருத்தல் டிக்கெட் வரிசையில் நிகழ்கிறது. நெய்தலுக்குரிய இரங்கல் படகைவிட்டு இறங்கியபின் நிகழ்கிறது. குறிஞ்சிக்குரிய உரிப்பொருளை வனத்துறை அனுமதிப்பதில்லை.

சித்தி மகனான தம்பி சின்னமனூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவனுக்கு முன்னால் அவன் பை தெரியவில்லை, பைக்கு முன்னால் அவன் தெரியவில்லை. தலைக்கு மேல் ஒரு சாண், இடுப்புக்குக் கீழ் ஒரு சாண், பக்கத்தில் சுருட்டிக் கட்டிய பாய் ஒன்று. பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்துவந்து சுற்றிப் பார்த்தார்.

“ஏன்டா, வீட்டக் காலி பண்ணிட்டியா?”

“இல்ல பெரியப்பா, டிரெக்கிங் பை. ரிமோட்டான காட்டு ஊரு, போட்டுல சஃபாரி. எல்லாத்துக்கும் ரெடியா இருக்கணும்ல?”

பையை அன்றிரவு திண்ணையில் கொட்டி ஆராய்ந்தோம். தலையில் மாட்டும் டார்ச், மூன்று கயிறு, திசைகாட்டி, அட்டைப்பூச்சிக்கான சாக்ஸ், கொசு மருந்து, ஊற்றிக் குடிக்காமல் உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை, சமைக்காமல் தின்னும் சோற்றுப் பொட்டலம். பெரியப்பாவின் பை மஞ்சள் நிறம், சின்னமனூர் ஜவுளிக்கடைப் பெயர் போட்டது. உள்ளே ஒரு துண்டு, வெற்றிலை, வாழையிலையில் கட்டிய எலுமிச்சைச் சோறு, அன்றைய பேப்பர். இரண்டு பைகளில் எது பயணத்துக்குத் தக்கது என்ற கேள்விக்கு விடை பிறகு கிடைத்தது. குரங்கு பெரிய பையைத் தொடவில்லை. எந்த ஜிப்பைத் திறப்பது என்று அதற்கே விளங்கவில்லை.

‘ரிமோட்டான காட்டு ஊர்’ என்ற சொல்லையும் ஆராயாமல் விட முடியாது. தேனியிலிருந்து குமுளிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் ஏறும்போது மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் நான்கு பெருங்குழாய்கள் தெரியும். பெரியாற்றுத் தண்ணீர் மலை இறங்கும் வழி அதுதான். தமிழ்நாட்டுப் பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே இறக்கிவிடும். அங்கிருந்து நடந்து போனால் கேரளம். தம்பி முதுகுப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீரநடை போட்டது மொத்தம் இருநூறு தப்படி இருக்கும். எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் கடை, ஏலக்காய்க் கடை, ‘சார், ஜீப் வேணுமா’. அவன் அவ்வளவு தூரம் தயாராகி வந்த அந்தக் காட்டு ஊர்ப் பக்கத்துக்குக் கம்பம், கூடலூர்ப் பெண்கள் விடியுமுன் ஜீப்பேறிப் போய், ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, சாயந்தரம் வீடு திரும்பி உலை வைக்கிறார்கள். அவர்கள் கையில் தூக்குச்சட்டி மட்டும் இருக்கும். தூரம் என்பது பையின் எடையைப் பொறுத்தது என்று ஒரு துணைக் கருதுகோளை இங்கே முன்வைக்கிறேன், நிறுவ நேரமில்லை.

படகேறியாயிற்று. இப்போது ஆய்வின் மையச் சிக்கலுக்கு வருவோம்.

1895-ல் தண்ணீர் ஏறியபோது காட்டை யாரும் வெட்டி எடுக்கவில்லை. மரங்கள் நின்றபடியே மூழ்கின, மூழ்கியபடியே செத்தன. நூற்றிருபது வருடத்துக்கு மேலாகியும் அவற்றின் அடிக்கட்டைகள் கறுத்து, கிளை ஒடிந்து, தண்ணீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன. நீர்க்காகம் அதில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைக்கும். பாம்புத்தாரா கூடு கட்டும். கரையோரம் நிற்கும் கட்டை மட்டும் பறவைக்குப் பயன்படுவதோடு நில்லாமல், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு யானையாகவும் ஆகிவிடுகிறது. ‘அதோ!’ என்று ஒரு விரல் நீளும். எழுபது தலை திரும்பும். தும்பிக்கை இருக்கிறது, முதுகு வளைவு இருக்கிறது, காதுகூட அசைகிறது. படகு நெருங்க நெருங்கத் தும்பிக்கை வேராகும். காது, பறந்துபோகும் நீர்க்காகமாகும்.

திருமூலர் மரத்தையும் யானையையும் வைத்து எழுப்பிய தத்துவச் சிக்கலுக்கு உலகிலேயே பொருத்தமான சோதனைக்கூடம் தேக்கடிதான். அவர் பார்த்தது மரத்தில் செய்த யானை. இங்கே இருப்பது செய்யாமலே யானையான மரம். சைவ சித்தாந்தம் அறியும் வழியைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக வகுக்கிறது. படகில் கிடைக்கும் யானைகளை அந்தப்படியே வகுத்தேன். கரையில் லத்தி கிடக்கிறது, ஆகவே யானை உண்டு: இது கருதல். ‘நேத்து சாயந்தரம் இதே இடத்துல ஏழு நின்னுச்சு சார்’: இது உரை. என் குறிப்பேட்டில் இவ்விரு வகையிலும் யானைகள் ஏராளம். காண்டலுக்கு விட்ட பக்கத்தில் மூன்று மிளா, ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம், தூரத்தில் காட்டுமாடா பாறையா என்று முடிவாகாத ஒன்று.

உரையளவையை இளக்காரமாகச் சொல்லவில்லை. காட்டுக்குள் நடந்து போகிறவர்களுக்குப் பழங்குடிகளான பளியரும் மன்னாரும் வழிகாட்டுகிறார்கள். முன்பு திருட்டுத்தனமாகக் காட்டில் மரப்பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களும் இப்போது இதே காட்டில் வழிகாட்டிகளாக, காவலாக நடக்கிறார்கள். அவர்கள் மூக்கைச் சுளித்து ‘இருக்கு’ என்றால் இருக்கிறது. பெரிய படகில் இருக்கும் நமக்கு வருவது டீசல் வாசனை மட்டும்.

‘அதோ!’ என்ற அந்த விரல் நீட்டலில் சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. 2009 செப்டம்பர் 30 மாலை ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் குவிந்தார்கள் என்றுதான் அப்போது பேசப்பட்டது. இன்று படகில் ஏறியதும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக் கட்டச் சொல்கிறார்கள். எழுந்தால் அதட்டி உட்காரவைக்கிறார்கள். எங்கள் படகில் அந்த அதட்டலுக்கு ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

இனி இதுவரை யாரும் எழுதாத பகுதி. படகில் இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். கரையைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. இவர்கள் உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். தண்ணீரைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. இவர்கள் எல்லோரும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள். பெரியப்பா ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கரையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கட்டைகளைத்தான் பார்த்தார். யானைக்காக இல்லை. ஒவ்வொரு கட்டையிலும் தண்ணீர் இறங்கிப்போன தடம் பட்டை பட்டையாக இருக்கும். மேலே வெளுப்பு, நடுவில் காய்ந்த சேறு, அடியில் ஒரு விரல்கடை ஈரம். அந்த ஈரத்தை அவர் படித்துக்கொண்டிருந்தார்.

பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. ஜூன் முதல் தேதி மதகு திறப்பார்களா என்பதுதான் இங்கே வருடப்பிறப்பு. 152, 136, 142 என்று மூன்று எண்களைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பையன்கூட வரலாறு சொல்வான்: முதலில் தேக்கிய அடி, 1979-க்குப் பின் குறைத்த அடி, 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அடி. 104-க்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. ஏரிக்குப் போகும் வழியில் கார் நிறுத்தும் ஆனவச்சால் மைதானத்துக்காகக்கூட இரண்டு மாநிலங்களும் கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன. பேரில் ஆனை இருக்கிறது. உள்ளே டெம்போ டிராவலர் நிற்கிறது.

இங்கேதான் ஆய்வின் முதன்மை விதி பிறக்கிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் காட்டுக்குள்ளேயே ஓடைக்கு ஓடை தண்ணீர். யானை கரைக்கு வர வேண்டிய தேவையே இல்லை. கோடையில் ஏரி சுருங்கினால் கரையில் புல் முளைக்கும், உள்ளே ஓடை வற்றும், யானை வரும். ஆகவே, அணையில் அடி குறையக் குறைய யானை கூடும். யானை நன்றாகத் தெரிகிற வருடம் கூடலூர் வயலில் நாற்று தெரியாது. உலகில் எந்தச் சுற்றுலாத்தலத்திலும், பார்க்க வந்த காட்சி கிடைக்காமல் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்கிற பயணி இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் படகில் ஒருவர் இருந்தார். பக்கத்து இருக்கையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற ஆண் யானையைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, இதே பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி தேடிக் கடையையும் வீட்டையும் உடைத்து வாங்கிய பெயர் அது. நாம் மலையேறிப் போய் டிக்கெட் எடுத்துத் தேடுகிற காட்டிலிருந்து அவன் மலையிறங்கி, மே 27 காலையில் கம்பம் ஊருக்குள் வந்துவிட்டான். தெருவில் ஓடினான், ஆட்டோவைத் தள்ளினான். 144 போட்டார்கள். அவன் வந்த வழியில் அடிபட்ட ஒருவர் இறந்தும் போனார். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவன் ஊருக்குள் வந்த அன்று பள்ளத்தாக்கில் காண்டலளவைக்குப் பஞ்சமே இல்லை. மாடியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர் முதுகிலும் பை இல்லை. பெரியப்பா மட்டும், “தேக்கடியில இருந்து வந்துச்சா? அப்ப மேல தண்ணி எப்படி?” என்று கேட்டதாக வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

படகு திரும்பி இறங்குதுறைக்கு வரும்போது, கடைசி வளைவில், தம்பி என் தொடையைக் கிள்ளினான். கரையில் ஒரு பெண் யானையும் குட்டியும். கட்டையல்ல. பெரியது ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் வைத்தது. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து மறுபக்கம் வந்தது. படகோட்டி இன்ஜினை அணைத்தார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. தம்பி போனைக்கூட எடுக்கவில்லை, அது பையின் எந்த அறையில் இருக்கிறதென்று அவனுக்கே ஞாபகமில்லை.

பெரியப்பா மறுபக்கம் குனிந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற கட்டையின் ஈரத்தை விரலால் அளந்துகொண்டிருந்தார்.

“பெரியப்பா, யானை!” என்று தம்பி கிசுகிசுத்தான்.

“ம்,” என்றார். “இரு.”

மறுநாள் காலை சின்னமனூர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலைநிமிர்ந்து கேட்டார்:

“தேக்கடி போனீகளாமே அண்ணே. யானை தட்டுப்பட்டுச்சா?”

“நூத்திப் பதினெட்டு,” என்றார் பெரியப்பா.

கேட்டவர் தன் கையிலிருந்த பேப்பரில் அணை நீர்மட்டம் போட்டிருந்த மூலையைத் தேடிப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் போட்டிருக்கான்,” என்றார்.