டர்போவும் அதன் சம்பந்திகளும்

ட்ரோல்ஹாட்டன், சுவீடன்

அன்பார்ந்த மாமா அவர்களுக்கு, அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். அவ்விடம் தாங்கள், அத்தை, லாரிகள் யாவரின் க்ஷேமத்துக்கும் எழுதவும்.

நிற்க. முன்பக்கம் கழற்றப்பட்டுக் குடல் வெளியே தொங்கும் கோலத்தில் என் காரின் போட்டோவைக் கண்டு, "நாமக்கல் பட்டறையில் ஒரே பகலில் டர்போவை மாற்றிவிட்டு லோடுக்குப் புறப்படுகிறோமே, உனக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் எதற்கு? அனுப்புவதாகச் சொன்ன பணம் எங்கே?" என்று தாங்கள் கேட்டிருந்த இரண்டுக்கும் விடை ஒன்றேயாகையால், விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

இவ்வூர் ஸாப் கார்களின் ஜன்மபூமி. ஆகாய விமானம் செய்வதற்கென்று 1937-இல் தோன்றிய கம்பெனி, பின்னர் காரிலும் கைவைத்து, 1977-இல் ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் டர்போ பொருத்திய காரைக் காட்டிப் பெரும் புகழ் பெற்றது. அதிலிருந்து பிரிந்த கார்க் கம்பெனி 2011-இல் திவாலாயிற்று. கம்பெனி போயிற்றே தவிர ஊராரின் பக்தி போகவில்லை. என்னுடையது 2000-ஆம் ஆண்டின் 9-5. சாவித்துவாரத்தை இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே வைத்திருக்கிறார்கள். புதிதாக ஏறுகிறவர்கள் ஸ்டியரிங்கின் அடியில் தடவித் தடவித் தேடுவதைப் பார்ப்பது எனக்கு நித்திய விநோதம்.

ஸாப் ஆலையிலேயே ஆயுளைக் கழித்த பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் ரகசியத்தைச் சொன்னார். அதே 2.3 லிட்டர் எஞ்சினுக்கு, எளியவர்களின் காரில் சின்ன காரெட் டர்போவும் 170 குதிரைசக்தியும். 'ஏரோ' என்னும் உயர்தர மாதிரிக்குப் பெரிய மிட்சுபிஷி டர்போவும் 230 குதிரைசக்தியும். ஆகவே, உடைக்கப் போட்டிருக்கும் ஏரோ ஒன்றிலிருந்து அதைக் காயலான் கடை விலைக்கு வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்றார். ஆனால் மாமா, தாம்பூலம் மாற்றிய பிறகல்லவா மாப்பிள்ளையுடன் வரும் சம்பந்திகளின் தொகை தெரியவருகிறது!

தங்கள் டீஸல் எஞ்சினுக்கு டர்போ திணிக்கும் காற்று மிகுந்தால் தோஷமில்லை. பெட்ரோல் எஞ்சினோ கடும் ஆசாரம் பார்ப்பது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. பாரம் ஏறும்போது பெட்ரோல் இன்னும் சற்று மிகவேண்டும். காற்று மட்டும் பெருகிப் பெட்ரோல் குறைந்தாலோ, உஷ்ணம் மீறிக் கலவை கட்டுக்கடங்காமல் வெடித்துப் பிஸ்டனையே பதம் பார்த்துவிடும். ஏரோவை எட்டுவதோடு நிற்பது கௌரவக் குறைச்சல் என்று பெரியவர் கருதியபடியால் பெரிய இன்ஜெக்டர்கள் வந்தன. அவற்றுக்கு எவ்வளவு பீச்சவேண்டும் என்று உபதேசிக்கக் கம்ப்யூட்டரைத் திருத்தி எழுத நேர்ந்தது. அழுத்திய காற்று சூடேறுமாதலால் பெரிய இன்டர்கூலர். புகை தாராளமாக வெளியேற மூன்றங்குலக் குழாய். நிமிஷத்துக்கு லக்ஷம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு வெறும் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதப்பதால், ஆயில் சம்பையும் இறக்கி, உள்ளிருக்கும் சல்லடையைக் கழுவினோம். இத்தனைக்கும் நடுவில் டர்போவின் விலை தக்ஷிணைக் காசு மாதிரி ஒரு மூலையில் கிடக்கிறது.

கோடை கழிந்ததற்குக் காரணம் போல்ட்டுகள். பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பைக் கொட்டுகிற தேசமாகையால், இருபது வருஷத்து உப்பைத் தின்ற போல்ட்டுகள் ஸ்பானரைக் கண்டதும் திரும்புவதை விட்டு முறிந்தன. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, தீயில் காய்ச்சி, அது மனம் மாறும்வரை காப்பி அருந்துவது பெரியவரின் சம்பிரதாயம். போல்ட்டைவிடக் காப்பிக்குத்தான் அதிகம் செலவாயிற்று என்று சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள். இனி, கூட்டிய சக்தியைச் சோதனைச் சாலையாரிடம் காட்டி அங்கீகாரமும் பெறவேண்டும். இவ்வளவும், நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் போவதற்கு!

கார் ஓடுகிறது, ஓடுவது என்பதைவிடப் பாய்கிறது என்பதே தகும். ஆனால் மேட்டில் அழுத்தினால் எஞ்சின் மாத்திரம் கூவுகிறது, வண்டி யோசிக்கிறது. நேற்றுப் பெரியவரை ஏற்றிக்கொண்டு ஒரு மேடு ஏறினேன். இறங்கியதும் அவர், "கிளட்ச்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். ஆகையால் பணம் அடுத்த மாதமும் வராது. அத்தையிடம் சமயம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்