சாய்ஸில் விடுதலின் பொருளியல்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு கள ஆய்வு

பொருளியலை மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்போர் உண்டு. படிக்கிற மாணவரைப் பொருளியல் என்ன பாடு படுத்துகிறது என்று கேட்பார் இல்லை. அந்தக் குறையை நீக்க எழுந்தது இவ்வாய்வு.

ஆய்வுக்களம், மூர் மார்க்கெட் வளாகத்தில் கிளம்பும் புறநகர் ரயில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி வந்து நிற்கும் கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரம். இன்னும் கொஞ்சம் போனால் ஆந்திரம். ஊரை ஒட்டி சிப்காட். கருதுகோள் இதுதான்: மேல்நிலை வகுப்பு மாணவர் பொருளியல் இலக்கணங்களைத் தேர்வறையில் மறக்கலாம், ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் அவற்றை மீறி நடக்க அவரால் முடியாது.

முதலில் இலக்கணங்கள். 1776-ல் ஆடம் ஸ்மித் செல்வம் என்றார். 1890-ல் மார்ஷல் நலம் என்றார். 1932-ல் லயனல் ராபின்ஸ் பற்றாக்குறை என்றார். அதன்பின் சாமுவேல்சன் வந்து வளர்ச்சி என்றார். நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட இந்தச் சண்டையை நம் மாணவர் ‘செல்வம், நலம், பற்றாக்குறை, வளர்ச்சி’ என்று ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்துவிடுகிறார். நால்வரில் வென்றவர் யார் என்பதற்கு இவ்வாய்வு ஐயமின்றி விடை காண்கிறது: ராபின்ஸ்.

ஆசைகள் பல, அவற்றை அடையும் வழிகள் சில, அந்த வழிகளுக்கும் மாற்றுப் பயன்கள் உண்டு, ஆகவே தேர்ந்தெடுத்தே தீரவேண்டும் என்பது அவர் கூற்றின் சாரம். தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மாணவரின் நிலையும் அதுவே. பாடங்கள் பல, நேரம் சில மணி, அந்த நேரத்துக்குத் தூக்கம் என்ற மாற்றுப் பயனும் உண்டு. இந்நெருக்கடியில் தமிழ் மாணவர் சமூகம் கண்டெடுத்த உத்திதான் சாய்ஸில் விடுதல். எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண். ஒரு மார்க் 20-ல் சாய்ஸ் கிடையாது. இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு, மூன்று மார்க்கிலும் பத்துக்கு ஏழு, ஐந்து மார்க்கில் ஒவ்வொன்றிலும் ‘அல்லது’. ராபின்ஸே உட்கார்ந்து தயாரித்த வினாத்தாள் என்று ஐயுற இடமுண்டு. “பகிர்வுப் பாடத்தை அப்படியே சாய்ஸ்ல விட்டாச்சு” என்கிறவர் வாய்ப்புச் செலவைத் துல்லியமாகக் கணக்கிட்டு முடித்தவர். வாய்ப்புச் செலவுக்கு வரையறை எழுதச் சொன்னால்தான் விழிப்பார்.

அடுத்து, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. இதைக் கோசனின் முதல் விதி என்றும் சொல்வார்கள். வகுப்பில் விளக்கும்போது யாரோ ஒருவர் பழம் பழமாகத் தின்றுகொண்டே போவார். பழத்துக்குப் பதில் கைடை வைத்துப் பார்த்தோம். முதல் முறை படித்தால் புரிவது போலிருக்கிறது. இரண்டாம் முறை மனப்பாடம் ஆகிறது. அதற்குமேல் படிக்கப் படிக்க முதலில் தெரிந்ததும் குழம்புகிறது. பயன்பாடு எதிர்மறைக்கு இறங்கிவிட்டது என்று பொருள். இங்கே கோசனைப் பற்றி ஒரு வார்த்தை. 1854-ல் அவர் புத்தகம் வெளியானபோது வாங்க ஆளில்லை. மனம் வெறுத்து, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 1858-ல் இறந்தும் போனார். இன்று அவர் விதியைப் படிக்காமல் பிளஸ் ஒன் தாண்ட முடியாது. தேவை இத்தனை தாமதமாக வந்த பண்டம் வேறொன்று தெரியவில்லை.

‘பிற காரணிகள் மாறாதிருக்கும்போது’ என்ற தொடரையும் சோதித்தோம். இதை எழுதாவிட்டால் தேவை விதிக்கு முழு மார்க் விழாது. ஆனால் களத்தில் மாறாத காரணி ஒன்றுகூட அகப்படவில்லை. அப்பா நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுத்தால், ஒற்றை அறை வீட்டில் சத்தம் போட்டுப் படிக்க முடியாது. சத்தம் போடாமல் மனப்பாடம் செய்யும் தொழில்நுட்பமோ இந்த வட்டாரத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. உற்பத்தி சரிகிறது.

மார்ஷலை இத்துடன் விட்டுவிட முடியாது. ஒரே தொழில் செய்வோர் ஓரிடத்தில் நெடுங்காலம் கூடி வாழ்ந்தால் தொழிலின் நுணுக்கங்கள் காற்றிலேயே கலந்துவிடும், பிள்ளைகள்கூடத் தம்மை அறியாமல் கற்பார்கள் என்று அவர் கருதினார். பத்தாம் வகுப்பில் தொழில்துறை தொகுப்புகள் பற்றிய பாடத்தையும் அதே காற்றில் உட்கார்ந்துதான் இங்கே படிக்கிறார்கள். காற்றில் என்னதான் கலந்திருக்கிறது? கருவிகள்: ஒரு மொட்டை மாடி, ஒரு கொடிக்கயிறு, ஒரு வெள்ளை யூனிஃபார்ம் சட்டை. பழைய இரும்பை உலையில் உருக்கி, பில்லட்டாக வார்த்து, கட்டடக் கம்பியாக உருட்டும் ஆலைகள் உள்ள ஊர் இது. மாலையில் சட்டையை எடுத்து உதறினால் காலரிலும் தோளிலும் கரித்தூள். தட்டினால் போகாது, தேய்த்தால் இழுவிக்கொள்ளும். அம்மா மறுபடி அலசுகிறார். அந்தத் தண்ணீரும் சோப்பும் அரைமணி நேரமும் எந்த ஆலையின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. இப்படி ஒருவர் தொழிலின் செலவு அயலார் தலையில் விழுவதைத்தான் மார்ஷலின் மாணவர் பிகு 1920-ல் தன் நூலில் விரித்து எழுதினார். பிளஸ் டூவில் சுற்றுச்சூழல் பொருளியல் பாடத்தில் அதற்குப் பெயர் எதிர்மறைப் புறவிளைவு.

எடுத்துக்காட்டு தருக என்று வந்த வினாவுக்கு, அலசிய சட்டையைப் போட்டுக்கொண்டு போன மாணவர் எழுதியது: ஆற்றங்கரையில் ஒரு தொழிற்சாலை. எந்த ஆறு தம்பி என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: “தெரியல சார், நோட்ஸ்ல இருந்துச்சு.”

கருதுகோள் நிறுவப்பட்டது. பொருளியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சட்டையை எடுத்துக்காட்டாக எழுதினாலும் மார்க் உண்டு என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிவையுங்கள். மாணவர்களுக்கு: 30-ம் 40-ம் கட்டாய வினாக்கள். அவற்றைச் சாய்ஸில் விட வழியில்லை.